கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல்

பெருங்கூட்டங்களில் முன்வரிசையினர் செவியைப் பொத்திக்கொள்ள, பின்வரிசையினர் செவியைத் தீட்டிக்கொண்டிருப்பது வழக்கம். ஒலி பரவும் முறையே இதற்குக் காரணம். தனியொரு ஒலிபெருக்கியினின்று எழும் ஒலி கோள வடிவில் விரிகின்றது. தொலைவு இருமடங்காகுந்தோறும் 6 டெசிபல் குறைகின்றது. 5 மீட்டரில் 100 டெசிபலாக உள்ள ஒலி, திறந்த வெளியில் 20 மீட்டரில் 88 ஆகிவிடும். ஒலிபெருக்கிகள் பலவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக நெருக்கித் தொங்கவிட்டாலோ, ஒலி உருளை வடிவில் பரவும். குறைவது 3 டெசிபலே. அதே இடத்தில் 94 டெசிபல் கிடைக்கும்.

இம்முறை புதியதன்று. இலண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் 1950-களின் தொடக்கத்திலேயே தூண் வடிவ ஒலிபெருக்கிகள் அமைக்கப்பெற்றன. நெடிய எதிர்முழக்கத்தில் சொற்கள் கரைந்துபோகும் அப்பெருமாடத்தில், ஒலியைக் கூரைக்கு விடாது மக்கள்பால் செலுத்தியது பெரும்பயன் தந்தது.

பேச்சினும் இசை கடினமானது. வினாடிக்கு 10,000 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் 3.4 சென்டிமீட்டரே, கருவிகளின் இடைவெளி அதிற் பாதியையும் விஞ்சலாகாது. ஒலிபெருக்கிகளை அவ்வளவு நெருக்கி வைப்பது எங்ஙனம்? பிரான்சு நாட்டின் கிறிஸ்டியன் ஹைல், மார்செல் உர்பான் ஆகியோர் 1992-இல் இதனை ஆராய்ந்து எழுதினர். அவ்வழியில் வந்த வி-டோஸ்க் அமைப்பு, தனியானதோர் அலைவழியினால் இத்தடையைக் கடந்தது.

எனினும் 3 டெசிபல் கணக்கு எங்கும் செல்லாது. 4 மீட்டர் நீளமுள்ள வரிசைக்கு, 1,000 அதிர்வில் அது சுமார் 23 மீட்டர் வரை பொருந்தும். 100 அதிர்விலோ இரண்டரை மீட்டருக்குள் முடிந்துவிடும். அதற்கப்பால் வரிசையும் ஒற்றைக் கருவியாகவே நடந்துகொள்ளும். இரண்டே பெட்டிகளை அடுக்கி வரிசையெனப் பெயரிடுவது வீண் செலவு. இருநூறு பேர் அமரும் மண்டபத்திற்கு நல்லதொரு தனி ஒலிபெருக்கியே பெரும்பாலும் சாலும்.