மானியமும் வீட்டு வரியும்

தெருவிளக்கு எரியாவிட்டால் பேரூராட்சியைக் குறை கூறுகிறோம். குழாயில் நீர் வராவிட்டாலும் அவ்வாறே. ஆனால் விளக்குக்கும் நீருக்கும் உரிய பணம் எங்கிருந்து வருகிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பேரூராட்சியின் வரவு இருவகைப்படும். ஒன்று, அதுவே தண்டும் சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை முதலியன. மற்றொன்று, நிதிக் குழுக்களின் பரிந்துரைப்படி மாநில அரசும் மத்திய அரசும் அளிக்கும் பகிர்வும் மானியமும். பெரிய வணிக நிலையங்களோ தொழிற்சாலைகளோ இல்லாத சிறிய ஊர், இரண்டாம் வகையையே பெரிதும் நம்பி நிற்கும்.

அந்த மானியம் குறைந்தால் என்ன நேரும்? ஓர் ஊரின் ஆண்டு வரவு 100 ரூபாய் என்று கொள்வோம். மானியம் 60, சொந்த வரவு 40, அந்த 40இல் வீட்டு வரி 20. மானியத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் இழப்பு 6 ரூபாய். துப்புரவுப் பணியாளரின் ஊதியமோ, நீரேற்றும் இயந்திரத்தின் மின்கட்டணமோ அதற்காகக் குறைந்துவிடா. இழப்பு முழுவதையும் வீட்டு வரியால் ஈடுசெய்வதானால், 20 ரூபாய் வரி 26 ஆக வேண்டும். மானியத்தில் குறைந்தது நூற்றுக்குப் பத்து. வரியில் ஏறுவதோ நூற்றுக்கு முப்பது! வரியை உயர்த்தாவிடின், சாலை செப்பனிடுதலும் சாக்கடை அமைத்தலும் தள்ளிப்போகும். அதுவும் குடிமக்கள் செலுத்தும் ஒருவகை வரியே அன்றோ?

தமிழ்நாடு இதனை அனுபவத்தில் கண்டது. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடைபெற்றது. இடைக்காலத்தில் தனி அலுவலர்கள் நிருவாகம் செய்தனர். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லாமையால் மத்திய மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2018இல் உயர்த்தப்பட்ட சொத்து வரியும் 2019இல் நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர், சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்கும் மாநிலங்களின் நகரங்களுக்கே மானியம் என்று பதினைந்தாவது நிதிக் குழு நிபந்தனை விதித்தது. அதன் விளைவாக 2022 ஏப்ரலில் வரி திருத்தப்பட்டது. சென்னைக்கு வெளியே 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடும் உயர்வு விதிக்கப்பட்டது.

பல்லாண்டுகள் வரியை உயர்த்தாதிருத்தல் மக்களுக்குச் செய்யும் நன்மைபோலத் தோன்றும். ஆனால் தேங்கிய சுமை ஒரே நாளில் தலைமேல் இறங்கும்போது, சிறு வீடுடையாரும் ஓய்வூதியம் பெறுவோருமே தள்ளாடுகின்றனர். சிறிது சிறிதாக உயரும் வரியைத் தாங்குதல் எளிது.

ஆகவே, வரிச் சீட்டு வந்தபின் வருந்துவதோடு நின்றுவிடலாகாது. மன்றத்தில் வரவு செலவுத் திட்டம் வைக்கப்படும்போதே, "இவ்வாண்டு மானியம் எவ்வளவு? சென்ற ஆண்டு எவ்வளவு? குறைந்ததை எவ்வாறு ஈடுசெய்வீர்கள்?" என்று நம் உறுப்பினரைக் கேட்போம். தேர்தல் உரிய காலத்தில் நடைபெற வேண்டுமென்றும் வற்புறுத்துவோம். ஊரின் கணக்கு நம் வீட்டுக் கணக்கின் மற்றொரு பக்கமேயாகும்.