தொட்டாற்சுருங்கியும் அதன் பெரிய பங்காளியும்



தோட்டத்துச் சாலையோரம், பிள்ளைகள் விளையாடும் திடல், மாடு மேயும் புல்வெளி எங்கும் தரையோடு படர்ந்து கிடக்கும் முட்செடி ஒன்று உண்டு. அதுதான் தொட்டாற்சுருங்கி. மலாய் மொழியில் அதைச் 'செமாலு' என்பார்கள். 'மாலு' என்றால் வெட்கம். 1753-இல் அறிஞர் லின்னேயஸ் அதற்கு 'மிமோசா புடிகா' என்று பெயரிட்டார். 'புடிகா' என்னும் இலத்தீன் சொல்லும் நாணத்தையே குறிக்கும். நம் மண்ணுக்கே உரியதுபோல் தோன்றினாலும், இதன் தாயகம் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகள்.

தொட்டவுடன் இலை ஏன் மூடுகிறது? ஒவ்வோர் இலைக்காம்பின் அடியிலும் சிறு புடைப்பு ஒன்று இருக்கிறது. அதன் உயிரணுக்களில் நீர் நிறைந்திருக்கும்வரை இலை விரிந்து நிற்கும். கை பட்டதும் ஒரு பக்கத்து உயிரணுக்களிலிருந்து நீர் வெளியேறிவிடும். புடைப்பு தளர்ந்து இலை சாய்ந்துவிடும். சிறிது நேரத்தில் நீர் திரும்பும், இலையும் விரியும். இரவிலும் இலைகள் இவ்வாறே மூடிக்கொள்ளும்.

இந்தச் சின்னச் செடி காலில் குத்துவதோடு நின்றுவிடும். ஆனால் இதற்குப் பெரிய பங்காளி ஒன்று உண்டு. அதன் பெயர் 'மிமோசா பிக்ரா'. நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது அதனிடம்தான்.

இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது? சின்னது தரையில் படரும். பெரியதோ தடித்த புதராக நிமிர்ந்து, 6 மீட்டர் உயரம்வரை வளரக்கூடியது. சின்னதில் ஒரு காம்பில் நான்கு விரல்கள் போல இலைப்பிரிவுகள் இருக்கும். பெரியதில் பல சோடிகள் வரிசையாக இருக்கும். இரண்டிலும் பூ இளஞ்சிவப்புப் பஞ்சுப் பந்துதான். ஆகவே பூவை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

பெரிய செடியின் காய்கள் முற்றியதும் துண்டு துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு விதை. மேலே சொரசொரப்பான மயிர். இதனால் அது நீரில் மிதக்கும். மாட்டின் தோலிலும் நம் உடையிலும் ஒட்டிக்கொள்ளும். ஆற்று மணலோடு லோரியில் ஏறியும், சக்கரத்துச் சேற்றோடும் ஊர்விட்டு ஊர் போகும். மணற்பாங்கான நிலத்தில் விதைகள் 20 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும்.

தாய்லாந்துக்கு இது 1947-இல் பசுந்தாள் உரத்திற்காகவும் மண்ணை மூடும் பயிராகவும் கொண்டுவரப்பட்டது. பின்னர் நீர்வழிகளையே அடைத்தது. நம் நாட்டில் 1980-இல் கிளந்தானில் கண்டறியப்பட்டது. ஆஸ்திரேலியாவின் வட பகுதிக்கு, 1891-க்கு முன்பே டார்வின் தாவரவியல் பூங்கா வழியாக வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் அங்கே ஏறத்தாழ 80,000 ஹெக்டர் ஈரநிலம் முட்புதரானது. புல் அழிந்தது, மாடு மேய இடமில்லாமற் போயிற்று. நல்ல எண்ணத்தோடு கொண்டுவந்த செடியும் கைமீறிப் போகலாம் என்பதற்கு இதுவே சான்று.

நாம் செய்ய வேண்டியது என்ன? ஆற்றோரம், வாய்க்கால், சாலையோரப் பள்ளம், புதிதாக மணல் கொட்டிய இடம் ஆகியவற்றைக் கவனித்து வாருங்கள். இளஞ்செடியைக் கண்டால், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, கையுறை அணிந்து வேரோடு பிடுங்குங்கள். காய்க்கும் முன்பே பிடுங்குவது முக்கியம். வளர்ந்த செடியை வெட்டினால் மட்டும் போதாது. அடிக்கட்டையிலிருந்து மறுபடியும் துளிர்க்கும். தீ வைப்பதும் தீர்வாகாது. மண்ணிலுள்ள விதைகள் அதற்குப் பின் ஒருசேர முளைக்கக்கூடும். புதர் பெரிதாக இருந்தால், தோட்ட நிர்வாகத்திடமோ விவசாய இலாகாவிடமோ தெரிவியுங்கள். அந்தப் பக்கம் போய்வந்த வண்டியின் சேற்றை அங்கேயே கழுவிவிடுங்கள்.

முளையிலே கிள்ளினால் நகம் போதும்; முற்றிவிட்டால் கோடரியும் போதாது. பிள்ளைகளுக்கு இன்றே இரண்டு செடிகளின் வேறுபாட்டையும் சொல்லிக்கொடுங்கள். திடலிலும் ஆற்றோரத்திலும் ஓடியாடுகின்றவர்கள் அவர்கள்தாம். முதலில் கண்டுபிடிப்பவர்களும் அவர்களாகவே இருப்பார்கள்.