ஃப்ரீ தரிசனத்தின் விலை

சித்தூர் பேருந்தில் 'சீட் ஃப்ரீயா?' என்றால் காலியா என்று கேள்வி. 'சார் ஃப்ரீயா?' என்றால் வேலையில்லாமல் இருக்கிறாரா என்று. 'சுகர் ஃப்ரீ'யில் அதே சொல்லுக்கு 'இல்லாத' என்று பொருள். மொழிபெயர்ப்பாளரைப் படுத்துகிற சொல்தான்.

திருப்பதியிலோ அது ஒரு வரிசையின் பெயர். திருமலையில் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனத்துக்கு நேரம் குறித்து முன்பதிவு செய்யலாம்; கட்டணமில்லாத சர்வ தரிசனத்தை மக்கள் 'ஃப்ரீ தரிசனம்' என்கிறார்கள். இலவசத்துக்குத் தெலுங்கில் 'உசிதம்' என்பார்கள். தமிழ்க் காதில் அது 'தகுந்தது' என்று விழும்.

தகுந்ததுதானா? கூட்ட நாட்களில் டோக்கன் கிடைக்காதவர்கள் வைகுண்டம் க்யூ வளாகத்தில் 10, 15 மணி நேரம்கூடக் காத்திருக்கிறார்கள். 'ஃப்ரீ'யாக இருப்பவர்களா அவர்கள்? தினக்கூலிக்காரருக்கு அது ஒரு நாள் வருமானம். பல ஊர்களில் அந்த 300 ரூபாயைவிட அதிகம்.