கராஜ் ராக் கலைஞர் எப்படி வாழ்கிறார்? பெங்களூரு பிட்டு முதல் திருப்பதி செப்பேடுகள் வரை ஒரு பார்வை

திருப்பதி: பாடலைத் தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடும் கலைஞருக்குத் திரைப்படத்துக்கு வெளியே எதிர்காலம் உண்டா? சித்தூர், திருப்பதி போன்ற ஊர்களில் கிட்டாருடன் இசை பயிலும் இளைஞர்கள் பலரின் கேள்வி இது. பெங்களூருவில் தொடங்கி லண்டனில் வென்ற ஒருவரின் வாழ்க்கை இதற்கு விடை தேட உதவுகிறது.

கராஜ் ராக் என்றால் என்ன?

1960-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலும் கனடாவிலும் செழித்த இசை வகை இது. முறையான பயிற்சியோ பெரிய நிறுவனத்தின் ஆதரவோ இல்லாத இளைஞர்கள், வீட்டின் கார் கொட்டகையில் ஒத்திகை பார்த்ததால் பின்னாளில் இப்பெயர் நிலைத்தது. எளிய கிட்டார் சுரங்கள், கரகரத்த ஒலி, மெருகேற்றாத குரல் ஆகியவை இதன் அடையாளங்கள்.

அதே காலத்தில் இந்தியாவிலும் இத்தகைய குழுக்கள் தோன்றின. சிம்லா சிகரெட்டின் பெயரில் நடத்தப்பட்ட 'சிம்லா பீட்' போட்டியில் பங்கேற்ற குழுக்களின் பாடல்கள் 1970, 1971 ஆகிய ஆண்டுகளில் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. அக்காலக் குழுக்கள் பலவும் சில ஆண்டுகளில் கலைந்துவிட்டன. இசைத்தட்டில் பதிவானவை மட்டுமே இன்றும் கேட்கக் கிடைக்கின்றன.

யார் இந்த பிட்டு?

1945-ல் பெங்களூருவில் பிறந்த பிட்டு அப்பையா, 'ட்ரோஜன்ஸ்' என்ற குழுவில் ஆங்கிலப் பாடல்களைப் பாடினார். குழு கலைந்த பின் 'லோன் ட்ரோஜன்' என்ற பெயரில் தனித்துப் பாடினார். 1967-ல் இங்கிலாந்து சென்ற அவர், லண்டனில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் சமையல் வேலை செய்து பணம் சேர்த்தார். அந்தப் பணத்தைக் கொண்டே ஒலிப்பதிவுக் கூடத்தை வாடகைக்கு எடுத்தார்.

பாடகராக அவருக்குப் பெரும் வெற்றி கிட்டவில்லை. 1974-ல் கார்ல் டக்ளஸ் எழுதிப் பாடிய 'குங் ஃபூ ஃபைட்டிங்' பாடலின் தயாரிப்பாளராகவே அவர் உலகப் புகழ் பெற்றார். இசைத்தட்டின் பின்பக்கத்துக்காகப் பதிவு செய்யப்பட்ட அப்பாடல், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. 1980-ல் 'குர்பானி' படத்துக்காக நாஜியா ஹசன் பாடிய 'ஆப் ஜைசா கோயி', 1995-ல் அலிஷா சினாய் பாடிய 'மேட் இன் இந்தியா' ஆகியவை பிட்டுவின் இசையில் உருவானவை. இரண்டாவது பாடல், திரைப்படத்தைச் சாராத பாப் இசைக்கும் இந்தியாவில் பெரும் சந்தை உண்டு என்பதைக் காட்டியது.

திருப்பதி தரும் பாடம்

தானே எழுதி, தானே மெட்டமைத்துப் பாடுபவரை 'வாக்கேயக்காரர்' என்பது நமது மரபு. திருமலை வேங்கடவன் மீது ஆயிரக்கணக்கான கீர்த்தனைகளைப் பாடிய தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் (1408-1503) அவ்வகையில் முன்னோடி. அவர் 32 ஆயிரம் பாடல்கள் இயற்றியதாக மரபு கூறுகிறது. ஏறத்தாழ 12 ஆயிரம் மட்டுமே இன்று கிடைத்துள்ளன. அவையும் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு, திருமலைக் கோயிலில் பாதுகாக்கப்பட்டதால் தப்பின.

அச்செப்பேடுகளில் சொற்களும் ராகத்தின் பெயரும் உள்ளன. மெட்டுக்கான சுரக்குறிப்பு இல்லை. ஆகவே பல பாடல்களுக்குப் பிற்கால இசைவாணர்கள் புதிதாக மெட்டமைக்க வேண்டியதாயிற்று. 1978-ல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் அன்னமாச்சாரியா திட்டத்தைத் தொடங்கி, இப்பாடல்களைப் பரப்பி வருகிறது.

இன்றைய கலைஞர் கவனிக்க வேண்டியவை

ஒரு பாடலில் இரு வகை உரிமைகள் உண்டு. வரிகளுக்கும் மெட்டுக்குமான உரிமை படைப்பாளியின் ஆயுட்காலம் முழுவதும், அதன் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். ஒலிப்பதிவின் உரிமை தனியானது. அது வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டுகள் செல்லும். சொந்தச் செலவில் பதிவு செய்யும் கலைஞர் இரண்டையும் தம்மிடமே வைத்துக்கொள்ள இயலும். நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்வோர் எந்த உரிமையை, எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த நாடுகளுக்கு வழங்குகிறோம் என்பதைப் படித்தறிந்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.

2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய ராயல்டி பங்கை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதனை மாற்றித் தரலாம். 1969-ல் தொடங்கப்பட்ட ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு, உறுப்பினர்களுக்கான ராயல்டியை வசூலித்து வழங்குகிறது.

இன்று ஒலிப்பதிவுக்குக் கணினியும் ஒரு மைக்கும் போதும். எனவே பதிவு செய்வதோடு, யார் எழுதினார், யார் மெட்டமைத்தார், எந்நாளில் பதிவானது என்ற விவரங்களையும் மூலப் பதிவையும் பத்திரப்படுத்துவது அவசியம். அன்னமாச்சாரியாருக்குச் செப்பேடு செய்த பணியை இளம் கலைஞருக்கு இந்த ஆவணங்களே செய்யும்.