தண்ணி மேட்டுக்கு ஏறுது: ஜாம் கேமுக்குக் கருத்து சொல்றதும் கேட்கிறதும்

சின்னமனூர்ல பெரியப்பா வீட்டுத் திண்ணை. அவர் கையில என் போனைக் கொடுத்தேன். 48 மணி நேரத்தில் நான் செஞ்ச ஒரு சின்ன கேம், பேரு ‘கடைமடை’. பெரியாத்துத் தண்ணி மேலேருந்து வரும். நீங்க மடைகளைத் திறந்து மூடி, கடைசி வயல் காய்றதுக்குள்ள தண்ணியைக் கொண்டுபோய்ச் சேர்க்கணும். அவ்வளவுதான் ஆட்டம். பெரியப்பா கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக ஆயக்கட்டில் ஒரு மூலையில் நெல் போடுறவர். கண்ணாடியை மாட்டி ஒரு நிமிஷம் பார்த்தார்.

“ஏப்பா, தண்ணி மேட்டுக்கு ஏறுது?”

போனைத் திருப்பிக் கொடுத்துட்டார். அந்த ஜாமில் எனக்கு வந்திருந்த 14 கமெண்ட்டில் ஒருத்தர்கூட இதைச் சொல்லலை.

கேம் ஜாம் தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. ஒரு தலைப்பு கொடுப்பாங்க, 48 மணி நேரமோ 72 மணி நேரமோ கெடு வைப்பாங்க, அதுக்குள்ள விளையாடக்கூடிய ஒண்ணைச் செஞ்சு ஏத்தணும். 2002-ல ஆரம்பிச்ச லூடம் டேர் இதில் பழசு. 2009-லேருந்து குளோபல் கேம் ஜாம் நடக்குது. இப்போ இட்ச் தளத்தில் எந்த வாரம் பார்த்தாலும் ஏதாவது ஒரு ஜாம் ஓடிக்கிட்டிருக்கும். பரிசுப் பணம் பெரும்பாலும் கிடையாது. கலந்துக்கிட்டவங்களே ஒருத்தர் கேமை ஒருத்தர் விளையாடி மார்க் போட்டு கமெண்ட் எழுதுறதுதான் கிடைக்கிற கூலி.

இந்த மார்க் விஷயத்தில் ஒரு கணக்கு இருக்கு, புதுசா வர்றவங்க கவனிக்கிறதில்லை. லூடம் டேர்ல குறைஞ்சது 20 பேர் மார்க் போட்டாத்தான் உங்க கேமுக்கு முடிவே வரும். அடுத்தவங்க கேமை விளையாடி எழுதுறவங்களோட கேம் பட்டியலில் மேலே வரும். இட்ச் ஜாம்களில் வேற வழி. மொத்த கேம்களுக்கும் கிடைச்ச ஓட்டு எண்ணிக்கையில் நடு எண்ணை எடுத்துக்குவாங்க. உங்களுக்கு அதைவிடக் குறைவா ஓட்டு விழுந்திருந்தா சராசரியும் குறையும். நடு எண் 12, உங்களுக்கு விழுந்தது 3 ஓட்டுன்னு வைங்க. 3-ஐ 12-ஆல் வகுத்தா கால், அதோட வர்க்கமூலம் அரை. 5-க்கு 4 வாங்கின கேம் 2-ல் போய் நிக்கும். அதனால கேமை ஏத்திட்டுப் படுத்துத் தூங்கக் கூடாது. போய் மத்தவங்களோடதை விளையாடணும், எழுதணும். பதிலுக்கு அவங்க வருவாங்க. கேம் பிரவுசர்லயே ஓடுறது இன்னும் முக்கியம். 200 எம்பி ஜிப் ஃபைலை டவுன்லோட் பண்ணி விளையாட யாருக்கும் பொறுமை இல்லை. போடி மெட்டுப் பக்கம் ஹாட்ஸ்பாட்டில் உக்காந்து அவ்வளவு பெரிசை ஏத்திப் பார்த்தவனுக்கு அந்தப் பொறுமையின்மை நல்லாவே புரியும்.

ஆனா மார்க்கை வச்சு கேமைத் திருத்த முடியாது. இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்குப் போடி ஏலக்காய் ஏலம்தான் ஞாபகம் வரும். ஸ்பைசஸ் போர்டோட மின்னணு ஏலம் போடியிலும் அந்தப் பக்கம் இடுக்கி புத்தடியிலும் நடக்கும். வியாபாரி சாம்பிளைக் கையில் எடுத்துப் பார்ப்பார், பட்டனை அழுத்துவார், திரையில் விலை ஏறும். தோட்டக்காரருக்குக் கடைசியில் ஒரு எண் கிடைக்கும். பக்கத்துத் தோட்டத்துக் காய்க்கு நம்மதைவிட விலை கூடுதலாப் போச்சுன்னா, காரணம் பருமனா, பச்சை நிறமா, உலர்த்தினதில் கோளாறான்னு அந்த எண்ணை வச்சு எப்படிக் கண்டுபிடிக்கிறது? லூடம் டேர்ல அந்த எண்ணையே ஃபன், தீம், கிராபிக்ஸ், ஆடியோன்னு 8 தலைப்பாப் பிரிச்சிருக்காங்க. கொஞ்சம் தேவலை. ஆனா ‘ஃபன் 2.9’ங்கிறதைப் படிச்சுட்டு எந்த வரி கோடை மாத்துறதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியலை.

அதுக்கு விளையாடுறவங்களை உக்காந்து பார்க்கணும். 1998-ல வந்த ஹாஃப்-லைஃப் எப்படி உருவாச்சுன்னு வால்வ் கம்பெனியில் வேலை பார்த்த கென் பேர்ட்வெல் 1999-ல ஒரு கட்டுரை எழுதினார். வெளியாள் ஒருத்தரைக் கூப்பிட்டு விளையாட விடுவாங்களாம். செஞ்சவங்க பின்னாடி உக்காந்து குறிப்பு எடுக்கலாம், ஆனா வாயைத் திறக்கக் கூடாது. அவர் முட்டுச்சந்தில் திணறினாலும் உதவக் கூடாது. அப்படித் திணறின இடங்கள்தான் மறுநாள் வேலைப் பட்டியல்.

நானும் அக்கா பையனை உக்கார வச்சேன். 11 வயசு. முதல் பத்து விநாடி ஸ்பேஸ் பட்டனையே தட்டிக்கிட்டிருந்தான். என் கேம்ல ஸ்பேஸுக்கு வேலையே கிடையாது. “மவுஸ்டா”ன்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு, அடக்கிக்கிட்டேன். அப்புறம் மவுஸைத் தொட்டான், மடை திறந்துச்சு, சிரிச்சான். மூணாவது வயல்ல நின்னுட்டான். “மாமா, இது செவுரா, வாய்க்காலா?” ரெண்டுக்கும் ஒரே பழுப்பு நிறம் கொடுத்திருந்தேன். ஏன்னு கேட்டீங்கன்னா, ராத்திரி ரெண்டு மணிக்கு வேற நிறம் தோணலை. ஜாம்ல ‘கன்ஃப்யூஸிங்’னு ஒத்தை வார்த்தையில் எழுதியிருந்த நாலு பேரும் எங்க குழம்பினாங்கன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சது.

கருத்து சொல்ற பக்கம் நான் யோக்கியன் இல்லை, அதையும் எழுதிடறேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஜாம்ல ஒரு டிப்ளமோ மாணவரோட கேம். முதல் கேம்னு அவரே போட்டிருந்தார். நான் வரிசையா ஏழு குறை எழுதினேன். குதிக்கிறது சரியில்லை, இசை இரைச்சல், இந்த மாதிரி ஏற்கெனவே நூறு வந்தாச்சுன்னு கடைசியா ஒரு குத்தல் வேற. மறுநாள் போய்ப் பார்த்தா அந்தப் பக்கமே இல்லை. அழிச்சுட்டார். நான் அதை விளையாடினது மொத்தமே ரெண்டு நிமிஷம். அந்த ஏழு வரியில், எந்த இடம் வரைக்கும் போனேன், எந்தக் குதியில் எத்தனை தரம் விழுந்தேன்னு ஒண்ணுகூட இல்லை. அவருக்கு மன்னிப்பு எழுதி அனுப்பவும் வழி இல்லாமப் போச்சு.

இப்போ நான் எழுதுறது பெரும்பாலும் எனக்கு நடந்ததை மட்டும்தான். “ரெண்டாவது மடையைத் திறந்ததும் கேம் நின்னுபோச்சுன்னு நினைச்சு மூணு தரம் முதல்லேருந்து ஆரம்பிச்சேன்”னு எழுதினா அதில் சண்டைக்கு இடம் இல்லை, செஞ்சவருக்கு வேலைக்கும் ஆகும். எது பிடிச்சதுன்னும் இடத்தோட சொல்றேன். அது மரியாதைக்காக இல்லை. அடுத்த வெர்ஷன்ல அவர் நல்ல பாகத்தைத் தூக்கிடாம இருக்கணுமே! ‘இருபது லெவல் சேருங்க, ஆன்லைன்ல ரெண்டு பேர் ஆடுற மாதிரி பண்ணுங்க’ன்னு எழுதுறதை விட்டுட்டேன். ஜாம் முடிஞ்சப்புறம் ஓட்டு நடக்கிற வரைக்கும் பெரும்பாலும் பக் மட்டும்தான் சரி பண்ண விடுவாங்க. செஞ்சவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது, இதுக்கு மேல உழைக்கலாமா வேண்டாமாங்கிறதுதான். ‘பாபா இஸ் யூ’ 2017 நார்டிக் கேம் ஜாமில் பிறந்து 2019-ல முழு கேமா வந்தது. ‘இன்ஸ்க்ரிப்ஷன்’ 2018 லூடம் டேரில் சின்னதா ஆரம்பிச்சு 2021-ல வந்தது. அந்த மாதிரி போறது ரொம்பக் கொஞ்சம். மத்ததெல்லாம் பழகுறதுக்குச் செஞ்சது, அதுவும் நல்லதுதான்.

பெரியப்பா சொன்னதுக்கு வர்றேன். வெளிநாட்டுக்காரங்க 14 பேருக்கும் அந்தத் தண்ணி நீலக் கோடு, அது எந்தப் பக்கம் போனா அவங்களுக்கு என்ன? அவருக்கு அது தண்ணி. முதல்ல எனக்குக் கோபம்தான் வந்தது, “இது கேமு பெரியப்பா”ன்னு சொல்லிப் பார்த்தேன். பஸ் ஏறி தேனி வர்றதுக்குள்ள அவர் சொன்னதுதான் கேமுன்னு புரிஞ்சுபோச்சு. மேடு பள்ளம் இருந்தா எந்த மடையை எப்பத் திறக்கணும்னு யோசிக்கணும். நான் செஞ்சதில் எல்லா மடையையும் திறந்து வச்சாலே ஜெயிச்சிடலாம்.

இப்போ ஒவ்வொரு கட்டத்துக்கும் உயரம் கொடுத்து மறுபடி எழுதிக்கிட்டிருக்கேன். வாய்க்காலுக்கு நீலக் கரை போட்டாச்சு. ஸ்பேஸைத் தட்டினாலும் மடை திறக்கும். முதல் போக அறுப்பு முடியட்டும், அப்புறம் கொண்டா பார்க்கலாம்னு பெரியப்பா சொல்லியிருக்கார்.