டெஸ்ட் சர்வர்தானே என்று விட்டுவிடலாமா?

“டெஸ்ட் சர்வர்தானே, அங்கே என்ன இருக்கப் போகிறது?” மென்பொருள் அலுவலகங்களில் இந்தப் பேச்சைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அங்கே இருப்பது நீங்களும் நானும்தான்.

வங்கியோ மருத்துவமனையோ செல்போன் நிறுவனமோ, நாம் கொடுக்கும் பெயர், பிறந்த தேதி, முகவரி, கணக்கு எண் எல்லாம் ஒரு டேட்டாபேஸில் போய்ச் சேர்கின்றன. அன்றாட வேலை நடக்கும் அந்த டேட்டாபேஸை ‘ப்ரொடக்ஷன்’ அல்லது ‘லைவ்’ என்பார்கள். ஒழுங்கான நிறுவனத்தில் அனுமதி பெற்ற சிலர்தான் அதைத் தொட முடியும். யார் எதைப் பார்த்தார் என்பதும் பதிவாகும். ஆபத்துக்கு உதவட்டும் என்று அதற்கு பேக்கப் எடுத்து வைப்பார்கள். புது வசதியைச் சோதிக்கவோ, பிழையைத் தேடவோ அந்த பேக்கப்பை இன்னொரு சர்வரில் ரீஸ்டோர் செய்தால் அச்சு அசலான நகல் தயார். தரவு முழுதாக வந்துவிடும். பூட்டும் காவலும் கூடவே வருவதில்லை.

ஹங்கேரியில் நடந்தது

ஹங்கேரியில் டிஜி என்ற தொலைத்தொடர்பு நிறுவனம். 2018 ஏப்ரலில் அதன் சர்வரில் கோளாறு. சரிசெய்வதற்காக ஒரு டெஸ்ட் டேட்டாபேஸை உருவாக்கி, தனிநபர் வாடிக்கையாளர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினரின் விவரங்களை அதில் நகலெடுத்தார்கள். கோளாறு தீர்ந்தது. நகலை அழிக்க மறந்துவிட்டார்கள். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு அது அப்படியே கிடந்தது.

2019 செப்டம்பரில் ஓர் எத்திக்கல் ஹேக்கர் நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே போய், சுமார் 3,22,000 பேரின் விவரங்களை எட்டினார். அதில் ஒரு வரியை எடுத்துச் சான்றாகக் காட்டி அவரே நிறுவனத்துக்கு எழுதினார். வந்தவர் நல்லவர்; அது அவர்கள் அதிர்ஷ்டம். ஹங்கேரியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 மே மாதம் 10 கோடி ஃபோரின்ட் அபராதம் விதித்தது.

வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போனது. 2022 அக்டோபர் 20 அன்று வந்த தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் தெளிவாயின. வாடிக்கையாளருக்குச் சேவை தருவதற்காக வாங்கிய தரவை, அந்தச் சேவையில் வந்த பிழையைச் சரிசெய்ய நகலெடுப்பது, முதலில் வாங்கிய நோக்கத்தோடு பொருந்தும் வரை தவறில்லை. வேலை முடிந்த பிறகும் அந்த நகலை வைத்திருப்பது சட்டத்துக்குப் புறம்பானது.

பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டவர்களும் இதில் தப்பவில்லை. அமெரிக்காவின் இம்பெர்வா நிறுவனம், கிளவுடுக்கு மாறும் முன் சோதித்துப் பார்க்க டேட்டாபேஸின் ஒரு நகலை எடுத்து வைத்திருந்தது. வெளியிலிருந்து எட்டக்கூடியதாக இருந்த ஓர் உள் சர்வரில் கிளவுடுக்குள் நுழைய உதவும் டிஜிட்டல் சாவி கிடந்தது. அந்தச் சாவியைத் திருடி நகலையும் எடுத்துக்கொண்டு போனார்கள். தரவு கசிந்ததை 2019 ஆகஸ்டில் நிறுவனமே ஒப்புக்கொண்டது; எப்படி நடந்தது என்பதை அக்டோபரில் விளக்கியது.

வேறு என்ன ஆபத்து?

முதலாவது, நகல் தானாகவே பேச ஆரம்பித்துவிடும். டெஸ்ட் சர்வரிலிருந்து வெளியே போகும் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் வழிகளை அடைக்காவிட்டால், ‘உங்கள் தவணை தவறிவிட்டது’ என்ற சோதனைச் செய்தி நிஜமான ஒருவரின் போனில் போய் விழும்.

இரண்டாவது, நீக்கச் சொன்னவர் திரும்பி வந்துவிடுவார். போன மாதம் கணக்கை மூடி, விவரங்களை அழிக்கச் சொல்லியிருப்பீர்கள். அதற்கு முந்தைய பேக்கப்பை ரீஸ்டோர் செய்தால் அதில் நீங்கள் முழுசாக இருப்பீர்கள்.

மூன்றாவது, அரைகுறை மாஸ்கிங், அதாவது ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றும் வேலையைப் பாதியில் விடுவது. பெயரையும் எண்ணையும் மாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். ‘குறிப்பு’ என்ற கட்டத்தை யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். கவுன்ட்டரில் இருந்தவர் அதில், “அப்பா காலமாகிவிட்டார், இனி மகளிடம் பேசவும்” என்று எழுதி, மகளின் பெயரையும் போன் எண்ணையும் தட்டச்சு செய்து வைத்திருப்பார். பெயரே இல்லாவிட்டாலும் பிறந்த தேதி, பாலினம், பின்கோடு மூன்றும் சேர்ந்தால் பல நேரம் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

இந்தியாவில் நம் உரிமை

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பின், 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன.

அப்போது முதல், உங்கள் தரவு எப்படிக் கையாளப்படுகிறது, யாருக்கெல்லாம் தரப்பட்டது என்று கேட்கலாம். திருத்தவும் நீக்கவும் சொல்லலாம். சோதனை வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுத்திருந்தாலும், பொறுப்பு உங்களிடம் தரவு வாங்கிய நிறுவனத்துடையதே. தரவு கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்தில் முழு விவரம் தர வேண்டும். பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. மாஸ்கிங், என்கிரிப்ஷன் இரண்டையும் விதிகளே பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன.

ஒன்றைக் கவனியுங்கள்: இந்த அபராதம் அரசுக்குப் போகும், உங்களுக்கு வராது. இழப்பீடு கேட்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு இருக்கிறது. நிதி, மருத்துவ விவரங்கள் போன்றவை அலட்சியத்தால் கசிந்து நஷ்டம் ஏற்பட்டால், 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் வைக்கலாம். புதிய சட்டம் முழுதாக நடைமுறைக்கு வரும்போது இந்தப் பிரிவு நீங்கிவிடும்.

என்ன செய்யலாம்?

உங்கள் தரவு கசிந்ததாகச் சந்தேகம் வந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் கேளுங்கள். சந்தேகத்துக்குரிய செய்தி வந்திருந்தால் அதன் ஸ்கிரீன்ஷாட், தேதி, நேரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். 2027 மே முதல், பதில் தர விதிகள் தரும் உச்ச வரம்பு 90 நாள். அதன் பிறகு வாரியத்திடம் போகலாம். பணம் பறிபோயிருந்தால் காத்திருக்கவே வேண்டாம். உடனே 1930க்கு அழையுங்கள்.

டேட்டாபேஸ் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. நகலே எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை நம்பவே முடியாது. ஆனால் வெளியுலகத் தொடர்பில்லாத சர்வரில் ரீஸ்டோர் செய்யுங்கள். மாஸ்கிங் முடியும் வரை டீமுக்குத் திறந்துவிடாதீர்கள். பாஸ்வேர்டு, சாவி எல்லாவற்றையும் மாற்றுங்கள். நகல் கேட்டு எழுதும் டிக்கெட்டிலேயே அதை அழிக்கும் தேதியையும், அழிக்கப் போகிறவரின் பெயரையும் எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரியை எழுதி, அதன்படி நடந்திருந்தால், டிஜியின் நகல் 2019 வரை யார் கைக்கும் எட்டும்படி கிடந்திருக்காது.