பழைய ஜெபம் போய்விடுமோ? சி.எஸ்.ஐ. சபையில் பயம் தீர்ந்தது எப்படி

தென்னிந்தியாவில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஐக்கிய சபை என்று பிரிந்து கிடந்தவர்களை இணைக்க 1919-ல் தரங்கம்பாடியில் பேச்சு தொடங்கியது. 28 வருஷம் கழித்து, 1947 செப்டம்பர் 27-ந்தேதி சென்னை செயிண்ட் ஜார்ஜ் கதீட்ரலில் சி.எஸ்.ஐ. உதயமானது.

பெயர் ஒன்றாச்சு, ஜெபம்? ஆங்கிலிக்கன்காரர்களுக்கு புஸ்தகத்தில் உள்ள ஜெபம்தான் பழக்கம். மற்ற சபைகளில் போதகர் மனசில் வருவதை சொல்லி ஜெபிப்பதும் வழக்கம். தாத்தா காலத்து ஜெபம் போய்விட்டால் என்ன செய்வது?

இதற்கு சபை சண்டை போடவில்லை. பழக்கமில்லாத ஆராதனை முறையை யார் மீதும் திணிக்க மாட்டோம் என்று உறுதி கொடுத்தது. அவரவர் பழையபடியே ஜெபித்தார்கள்.

1950-ல்தான் பொதுவான திருவிருந்து முறை வந்தது. அதுவும் கட்டாயம் இல்லை. அதில் கேரள சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கம் ஒன்றும் சேர்ந்தது. குருவானவர் தரும் சமாதான வாழ்த்து, கைக்கு கை மாறி கடைசி பெஞ்சு வரை போகும். எந்த சபையில் இருந்து வந்தவரானாலும் பக்கத்தில் இருப்பவர் கையை பிடித்தே ஆகணும். பழகப் பழக பயமும் போச்சு.